என்சைம் செத்ததா, மயங்கியதா? சால்வென்ட் சோதனையை வீட்டு மாடியில் செய்து பார்க்கும் முறை

"மிஸ், என்சைம் செத்துடுச்சு."

ஜனவரி பிறந்தால் போதும், ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளிடமிருந்து இந்த வாக்கியம் போனில் வந்துவிடும். எத்தனால் ஊற்றினேன், செத்துவிட்டது. அசிட்டோன் ஊற்றினேன், செத்துவிட்டது. நான் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி ஊத்தித் திரும்பக் கேட்டுப் பாத்தியாம்மா?" பெரும்பாலும் அந்தப் பக்கம் பதில் இருக்காது.

எனக்கு வீடு தண்டையார்பேட்டை. ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ப்ராக்டிகல் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எங்கள் மொட்டை மாடிக்கு வருவார்கள். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கிடையாது, அமில, கார அளவைக் காட்டும் பிஹெச் மீட்டர் கிடையாது. ஆனாலும் எத்தனால், அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான்கள் என்சைமை, அதாவது உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதத்தை, என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு நேர்மையான பதிலை அந்த மாடியிலேயே எடுத்திருக்கிறோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சால்வென்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சால்வென்ட் இருக்கும்போது என்சைம் வேலை செய்யவில்லை என்பது ஒரு செய்தி. என்சைமின் உருவம் குலைந்துவிட்டது என்பது வேறு செய்தி. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சால்வென்ட் மூலக்கூறு, என்சைம் வேலை செய்கிற இடமான செயல்மையத்தில் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்திருக்கலாம். என்சைம் மாற்ற வேண்டிய வினைபடு பொருள் சால்வென்டிலேயே சுகமாகக் கரைந்து, என்சைமிடம் வரத் தயங்கலாம். இதெல்லாம் மயக்கம். சால்வென்டை விலக்கினால் எழுந்துவிடும். மடிந்திருந்த புரதச் சங்கிலி அவிழ்ந்து, உள்ளே இருந்த எண்ணெய்ப் பிடிப்புள்ள பகுதிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால்தான் சாவு. இரண்டையும் பிரித்துக் காட்டாத ப்ராஜெக்ட் அறிக்கையில் எத்தனை கிராஃப் இருந்தாலும் என் மனம் ஒப்புவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. ஆரம்பத்தில் நான் செய்யச் சொன்னது எல்லோரும் செய்கிற உருளைக்கிழங்குச் சோதனை. உருளைக்கிழங்குச் சாற்றில் கேட்டலேஸ் என்ற என்சைம் இருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் ஆக்சிஜன் பொங்கும், ஒரு சொட்டு பாத்திரம் விளக்கும் சோப்பு சேர்த்தால் நுரை ஏறும், நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளக்கலாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சேர்த்த டியூபில் நுரையே இல்லை. எல்லோரும் "செயலிழந்தது" என்று நோட்டில் எழுதிவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எண்ணூரிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் டியூபைக் காதருகே வைத்துக்கொண்டு, "மிஸ், சத்தம் வருது" என்றாள். வாங்கிக் கேட்டேன். சோடா பாட்டில் திறந்து வைத்த மாதிரி மெல்லிய சிலுசிலுப்பு. வாயு வந்துகொண்டுதான் இருந்தது. ஆல்கஹால் நுரையை உடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. டியூபின் வாயில் ரப்பர் குழாய் செருகி, தண்ணீரில் கவிழ்த்த அளவு ஜாடிக்குள் வாயுவைப் பிடித்தோம். ஜாடி நிறையத் தொடங்கியது. அன்று கையெழுத்துப் போட்ட நோட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கித் திருத்தினேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்டலேஸ் பெராக்சைடைப் பயன்படுத்தி எத்தனாலையே ஆக்சிஜனேற்றம் செய்து அசிட்டால்டிஹைடாக மாற்றவும் வல்லது. அப்படிச் செலவாகும் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் வெளியே வராது. என்சைம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும், நாம் சும்மா இருக்கிறது என்போம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது: அசிட்டோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும் வாய்ப்பு அதில் இருக்கிறது. சால்வென்ட் சோதனை என்றால் அசிட்டோன் இல்லாமல் முடியாது. ஆகவே பெராக்சைடை விட்டுவிட்டேன்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது யூரியேஸ். யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிற என்சைம். வறுக்காத, வேகவைக்காத சோயா பீன்ஸில் தாராளமாக இருக்கிறது, மளிகைக் கடையில் கிடைக்கும். அதே கடையில் விற்கிற மீல் மேக்கர் வேண்டாம். அது சூட்டில் பதப்படுத்தியது, அதில் யூரியேஸ் முன்பே அழிந்திருக்கும். கால்நடைத் தீவனத்துக்குப் போகும் சோயாப் பிண்ணாக்கு போதுமான அளவு வெந்ததா என்று பார்க்கவே யூரியேஸ் சோதனை செய்வார்கள். யூரியாவை உரக்கடையில் வாங்காதீர்கள். 2015 முதல் உர யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது, கரைசல் கலங்கும். பாரிமுனையில் கெமிக்கல் விற்கும் கடைகளில் ஆய்வகத் தரத்தில் சிறிய பாட்டில் கேளுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் அசிட்டோனும் அங்கேயே கிடைக்கும். சானிடைசரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் உதவாது. அவற்றில் கிளிசரினும் வாசனையும் வேறு என்னென்னவோ கலந்திருக்கும். அமில, காரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் நிறங்காட்டியாக ஃபீனால் ரெட் வேண்டும். கல்லூரியில் கேட்டால் சில மில்லி தருவார்கள். இல்லாவிட்டால் கொளத்தூர் கலர் மீன் கடைகளில் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் பிஹெச் கிட் கிடைக்கும். அதில் உள்ள திரவம் எது, எந்த பிஹெச்சில் எந்த நிறம் என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி இல்லாத 1 மில்லி, 5 மில்லி சிரிஞ்சுகள், மூடியுள்ள சோதனைக் குழாய்கள், செல்போனில் ஸ்டாப்வாட்ச். இவ்வளவுதான் சாமான். சமையலறையில் செய்யாதீர்கள். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாடியில், நிழலில், காற்றோட்டமாக. ஏப்ரல், மே மாத மதியத்தில் வேண்டாம். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி திறந்து வைத்தால் நீங்கள் ஊற்றிய அளவு ஒன்று, டியூபில் மிஞ்சிய அளவு ஒன்று என்று ஆகிவிடும். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். டியூப்கள் அத்தனையும் ஒரே வாளித் தண்ணீரில் நிற்கட்டும். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தால் நீங்கள் அளப்பது சூட்டைத்தான்.

சோயாவை மிக்ஸியில் நைசாக, விட்டு விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் மாவு சூடாகிவிடும். ஒரு கிராம் மாவை 10 மில்லி தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் அவ்வப்போது கலக்குங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, பிறகு பஞ்சு வைத்த புனலில் இன்னொரு முறை வடிகட்டுங்கள். லேசாகப் பால் போல வரும், பரவாயில்லை. இதுதான் சாறு. தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது இங்கே முக்கியம். எங்கள் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம், சாறு ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி நடந்துகொண்டது. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் இப்போது. மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும்.

யூரியாக் கரைசல் 100 மில்லிக்கு 4 கிராம். இதில் ஃபீனால் ரெட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் வரும்வரை சேர்க்கவும். ஆரஞ்சாக இருந்தால், தண்ணீர் கலந்த வினிகர் ஒரு சொட்டு விட்டு மஞ்சளாக்குங்கள். அம்மோனியா உருவாக உருவாக மஞ்சள் ஆரஞ்சாகி, பிறகு நல்ல ரோஜாச் சிவப்பாகும். எந்தச் சிவப்பில் ஸ்டாப்வாட்சை நிறுத்துவது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அதற்கு ஒரு வழி: சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அதே அளவு நிறங்காட்டி விட்டு ஒரு மாதிரி டியூப் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்தை எட்டியதும் நிறுத்தவும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இனி, உயிரான பகுதி.

இரண்டு சிறிய டியூப் எடுங்கள். ஒன்றில் சாறு 1 மில்லி, தண்ணீர் 1 மில்லி. இதைத் 'தண்ணீர்ச் சாறு' என்போம். மற்றதில் சாறு 1 மில்லி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 1 மில்லி. இது 'சால்வென்ட் சாறு'. ஆல்கஹாலை டியூபின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக, ஆட்டிக்கொண்டே விட வேண்டும். தடாலென்று ஊற்றினால் விழுந்த இடத்தில் ஒரு நொடி கிட்டத்தட்ட 100 சதவீத ஆல்கஹால்தான் இருக்கும், கலக்கும்போது சூடும் பிறக்கும். அந்த ஒரு நொடியில் அங்கே இருந்த என்சைம் படுகிற பாட்டை நீங்கள் '50 சதவீதத்தின் விளைவு' என்று எழுதிவிடுவீர்கள். இரண்டையும் மூடி 20 நிமிடம் வையுங்கள்.

பிறகு நான்கு டியூப். நான்கிலும் யூரியாக் கரைசல் 2 மில்லி. முதல் டியூபில் தண்ணீர் 2.5 மில்லி, தண்ணீர்ச் சாறு 0.5 மில்லி. இதில் சால்வென்ட் என்ற பேச்சே இல்லை. இரண்டாவதில் தண்ணீர் 2.25, ஆல்கஹால் 0.25, தண்ணீர்ச் சாறு 0.5. இதில் ஆல்கஹால் 5 சதவீதம், ஆனால் என்சைம் அதை இப்போதுதான் முதல் முறை சந்திக்கிறது. மூன்றாவதில் தண்ணீர் 2.5, சால்வென்ட் சாறு 0.5. இங்கும் ஆல்கஹால் 5 சதவீதம்தான், ஆனால் என்சைம் 20 நிமிடம் 50 சதவீதத்தில் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. நான்காவதில் தண்ணீர் இல்லை, ஆல்கஹால் 2.5, தண்ணீர்ச் சாறு 0.5. இங்கே என்சைம் 50 சதவீதத்துக்குள்ளேயே நின்று வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் மொத்தம் 5 மில்லி, என்சைம் ஒரே அளவு. சாறு விழுந்த நொடியில் ஸ்டாப்வாட்ச்.

இரண்டையும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்த ஒப்பீடாக இருக்கட்டும். இரண்டு டியூபிலும் இப்போது இருக்கிற சால்வென்ட் ஒன்றுதான். வேறுபாடு, என்சைம் கடந்து வந்த பாதையில் மட்டும். மூன்றாவது டியூப் இரண்டாவதின் வேகத்திலேயே சிவந்தால், 50 சதவீதத்தில் கிடந்தது அதை நிரந்தரமாகக் கெடுக்கவில்லை. மூன்றாவது பின்தங்கினால், பின்தங்கிய அளவுக்குச் சில மூலக்கூறுகள் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விட்டன. நான்காவது மந்தமாக இருந்து மூன்றாவது நன்றாக இருந்தால், அது மயக்கம்.

நான்காவது டியூபைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நுரையை நம்பி ஏமாந்த மாதிரி நிறத்தை நம்பியும் ஏமாறலாம். ஆல்கஹால் பாதி கலந்த தண்ணீரில் ஃபீனால் ரெட் நிறம் மாறுகிற பிஹெச்சே நகர்ந்துவிடும், அம்மோனியாவின் காரத்தன்மையும் சற்றுக் குறையும். அதனால் ஐந்தாவதாக ஒரு டியூப் அவசியம்: நான்காவது போலவே எல்லாம், சாற்றுக்குப் பதில் தண்ணீர். இதிலும், ஆல்கஹால் இல்லாத இதே போன்ற இன்னொன்றிலும், நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை சொட்டில் சிவக்கிறது என்று எண்ணுங்கள். ஆல்கஹாலில் அதிகச் சொட்டு தேவைப்பட்டால், நான்காவது டியூபின் தாமதத்தில் ஒரு பங்கு நிறங்காட்டியுடையது, என்சைமுடையது அல்ல. இன்னும் சுத்தமாக வேண்டும் என்றால், குறித்த நேரங்களில் நான்காவதிலிருந்து அரை மில்லி எடுத்து, நிறங்காட்டி விட்ட 4.5 மில்லி ஐஸ் தண்ணீரில் கலந்து உடனே நிறம் பாருங்கள். எல்லா டியூபுக்கும் அதே மாதிரி செய்ய வேண்டும். மாவுச்சத்தும் அயோடினும் வைத்து அமைலேஸ் சோதிக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். ஆல்கஹால் அதிகமானால் நீல நிறம் தானாகவே மங்கும், அமைலேஸ் மாவைத் தின்றுவிட்டது போலத் தோன்றும்.

சால்வென்ட் சாறு இருக்கும் டியூபை உற்றுப் பார்த்திருப்பீர்கள். கலங்கி, வெள்ளையாகத் திரிந்து, கொஞ்ச நேரத்தில் அடியில் படியும். "திரிஞ்சிடுச்சு, போச்சு" என்று யாராவது சொல்வார்கள். படிவதும் சாவதும் ஒன்றல்ல. அரை மில்லி எடுக்கும் முன் டியூபை நன்றாகக் கலக்குங்கள். மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சினால் என்சைமை அடியிலேயே விட்டுவிட்டு வருவீர்கள்.

ஏன் படிகிறது? புரத மூலக்கூறின் மேற்பரப்பில் மின்சுமைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றைச் சூழ்ந்து, ஒன்றை ஒன்று உணராதபடி தடுத்து வைக்கிறது. இந்தத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்தான் மின்கடவா மாறிலி. தண்ணீருக்கு அது 80-ஐ ஒட்டியது, எத்தனாலுக்கு 24, அசிட்டோனுக்கு 21. சால்வென்ட் கலக்கக் கலக்க அந்தத் தடுப்பு மெலிகிறது, எதிர்ச் சுமைகள் ஒன்றை ஒன்று இழுக்கின்றன, மூலக்கூறுகள் கூட்டமாகக் கூடிப் படிகின்றன. உருவம் குலையாமலே இது நடக்கலாம். குலைவது வேறு காரணத்தால். புரதம் மடிந்து உருண்டையாக நிற்பதற்குப் பெரிய காரணம், எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளிந்துகொள்வது. வெளியே ஆல்கஹால் கலந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. ஒளிந்திருந்தவை வெளியே எட்டிப் பார்க்கின்றன, உருண்டை தளர்கிறது. கூடவே, ஆல்கஹால், அசிட்டோன் போன்ற தண்ணீரோடு கலக்கும் சால்வென்ட்கள், புரதத்தை ஒட்டிப் போர்வையாக இருக்கும் தண்ணீரையும் பிடுங்குகின்றன. லாரித் தண்ணீர் வராத நாளில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம், ஒரு குடம் என்று வாங்கிப் போய்க் கடைசியில் நம் வீட்டில் சொட்டு இல்லாமல் போகுமே, அப்படி.

இது படிப்படியாகக் கெடுகிற விஷயம் இல்லை. 10, 20, 30 என்று ஏற்றிக்கொண்டு போனால் கொஞ்ச தூரம் பெரிதாக எதுவும் ஆகாது. ஒரு எல்லையைத் தாண்டியதும் செங்குத்தாக விழும். அந்த எல்லை என்சைமுக்கு என்சைம், சால்வென்டுக்கு சால்வென்ட் மாறும். சிலவற்றில் குறைந்த அளவில் செயல் கூடுவதுகூட உண்டு. அதனால் 0, 50, 100 என்று மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுக்காதீர்கள். முதலில் பத்துப் பத்தாகப் போங்கள், விழுகிற இடம் தெரிந்ததும் அந்த இடத்தில் ஐந்து ஐந்தாகப் போங்கள். சதவீதம் என்று எழுதும்போது எதன் சதவீதம் என்று சொல்லுங்கள். 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 100 மில்லி வராது, 96, 97 மில்லிதான் வரும். கலப்பதற்கு முன் அளந்த கன அளவா, கலந்த பின் நிரப்பியதா என்று ஒரு வரி போதும்.

அடுத்த ஞாயிறு இதே சோதனையை அசிட்டோனில், இரண்டு விதமாகச் செய்யுங்கள்: ஒன்று சாதாரண வெப்பநிலையில், மற்றது ஐஸில். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை இருக்கிறது. உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட என்சைம் இதே யூரியேஸ்தான். 1926-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் செய்தார். வேட்டை விபத்தொன்றில் 17 வயதில் இடது கையை இழந்தவர், அதுவும் இடது கைப் பழக்கமுள்ளவர். என்சைம் என்பது புரதமே என்று அவர் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் யூரியேஸைப் பிரித்தெடுத்தது எதில் தெரியுமா? வாளவரை விதை மாவை ஏறத்தாழ 32 சதவீத அசிட்டோனில் கரைத்து வடிகட்டி, குளிரில் வைத்தார். நாம் 'செத்துவிட்டது' என்று சொல்லும் அதே அசிட்டோனில் என்சைம் அழகாகப் படிகமாகி, செயலோடு வந்தது. அதற்கு முன்பு நீர்த்த ஆல்கஹாலில் முயன்ற காலத்தில் அவருடைய ஆய்வகத்தில் ஐஸ் பெட்டிகூட இல்லை. ஜாடிகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிருக்காகக் காத்திருந்தார்.

நமக்கு அந்தக் குளிர் வராது. ஆனால் நமக்குக் காசிமேடு இருக்கிறது. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போனால் படகுகளுக்கு ஏற்றுகிற ஐஸ் பாறையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தெர்மோகோல் பெட்டி கொண்டு போய் நொறுங்கிய ஐஸ் வாங்கி வருவோம். கல் உப்பு ஒரு கை கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அசிட்டோனை அதில் அரை மணி நேரம் குளிரவிட்டு, சாற்றையும் வெறும் ஐஸில் வைத்து (உப்பு கலந்த ஐஸில் சாறு உறைந்துவிடும்), பிறகு சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். 20 நிமிடம் கழித்து முன்பு போலவே நீர்த்துச் சோதியுங்கள். குளிரில் சேர்த்ததும் சூட்டில் சேர்த்ததும் படிந்து கலங்குவதில் ஒரே மாதிரி தெரியும். நீர்த்துக் கேட்டால்தான் யார் பிழைத்தது என்று தெரியும். குளிரில் மூலக்கூறு அசைவது குறைவு, அவிழ்வதற்கான துள்ளல் கிடைப்பதில்லை. ஆய்வகங்களில் புரதத்தைப் படிய வைக்க மைனஸ் 20 டிகிரி அசிட்டோனை நான்கு மடங்கு ஊற்றச் சொல்வதன் காரணமும் இதில்தான் இருக்கிறது.

சரி, 50 சதவீதமே இப்படி என்றால் 100 சதவீதத்தில் சுத்தமாக அழிந்துவிடும் என்று தோன்றும். இங்கேதான் பாடம் திரும்புகிறது. கொரோனா காலத்தில் கைக்குத் தேய்த்த திரவத்தை நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன செய்முறை எத்தனால் 80 சதவீதம், அல்லது ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 75 சதவீதம். 100 ஏன் இல்லை? புரதம் அவிழ வேண்டும் என்றால் அது அசைய வேண்டும், அசைய வேண்டும் என்றால் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். உருவத்தைக் குலைக்கும் சால்வென்டும், குலைவதற்கு இடம் கொடுக்கும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் நடுப்பகுதிதான் ஆபத்தான இடம். தண்ணீரே இல்லாத சால்வென்டில் உலர்ந்த என்சைம் தூளைப் போட்டால், அது கரையாது, விறைத்து அப்படியே உட்கார்ந்திருக்கும்.

1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜாக்ஸும் கிளிபனோவும் வெளியிட்ட ஆய்வை என் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த, கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் என்சைம், தண்ணீரில் 100 டிகிரியில் உடனே அழிந்துவிடும். அதே என்சைம், 0.02 சதவீதம் மட்டுமே தண்ணீர் இருந்த கரிம ஊடகத்தில் அதே 100 டிகிரியில், பாதி செயலை இழக்கவே 12 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதல் முறை இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது கருவாடு. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் மதியத்துக்குள் கெட்டுவிடும். அதே மீன் உப்புப் போட்டுக் காய்ந்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். கெடுவதற்கும் தண்ணீர் வேண்டும்.

ஆனால் விலை ஒன்று உண்டு. விறைத்த என்சைம் வேலையிலும் மந்தம், தண்ணீரில் இருக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்குகூடக் குறையலாம். அதனால் எலும்பாகக் காய வைக்காமல், வேலை செய்யும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். கைமோட்ரிப்சின் போன்ற செரிமான என்சைமுக்கு மூலக்கூறு ஒன்றுக்கு 50 தண்ணீர் மூலக்கூறுகூடத் தேவைப்படவில்லை என்று அதே இருவரும் பின்னர் காட்டினார்கள். மேற்பரப்பு முழுவதையும் ஒரு அடுக்கு மூடக்கூட அது போதாது. அந்தக் கொஞ்சத்தை எந்த சால்வென்ட் பிடுங்காமல் விட்டுவைக்கும் என்பதுதான் தேர்வு. இதற்குப் பயன்படும் எண் லாக் பி: ஒரு பொருள் ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற ஆல்கஹாலில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு பிரிந்து கரைகிறது என்ற விகிதத்தின் மடக்கை. பொதுவாக 2-க்குக் கீழே இருந்தால் என்சைமுக்குக் கெடுதல், 4-க்கு மேலே இருந்தால் நல்லது, நடுவில் இருப்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும். மெத்தனால், எத்தனால், அசிட்டோன் மூன்றுமே பூஜ்யத்துக்குக் கீழே. டொலுவீன் 2.7-ஐ ஒட்டி, ஹெக்சேன் 4-ஐ ஒட்டி. விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல வழிகாட்டி. டொலுவீனும் ஹெக்சேனும் மாடிக்கு வேண்டாம், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கல்லூரி ஃப்யூம் ஹூடில் மட்டும்.

அப்புறம், தூளாக்கும் முன் என்சைம் எந்த பிஹெச்சில் இருந்ததோ, அந்த மின்சுமை நிலையிலேயே அது உலர்ந்த சால்வென்டிலும் இருக்கும். ஹெக்சேனுக்குள், பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபர் கரைசலை ஊற்றித் திருத்த முடியாது. வேலைக்கு ஏற்ற பிஹெச்சில் கரைத்து, பிறகு உறைய வைத்து உலர்த்துங்கள். லைப்பேஸ் வைத்து பயோடீசல் செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது: மெத்தனாலை மொத்தமாக ஊற்றாதீர்கள். எண்ணெயில் கரையாமல் சொட்டாக நிற்கிற மெத்தனால் என்சைமைத் தாக்கும். தவணையாக ஊற்றினால் தாங்கும்.

கருவி கிடைக்கிறவர்கள் உருவத்தை நேரடியாகவே பார்க்கலாம். புரதத்தில் உள்ள ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் ஒளிர்வு, அது உருண்டைக்குள் இருக்கும்போது 330 நானோமீட்டர் பக்கம் உச்சம் காட்டும், தண்ணீருக்கு வெளிப்பட்டால் 350 பக்கம் நகரும். புரதச் சங்கிலியின் சுருள் அமைப்பு குறைகிறதா என்று வட்ட இருநிறம் என்னும் ஒளி அளவீட்டில், 222 நானோமீட்டரில் பார்ப்பார்கள். இதற்கு அசிட்டோனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், 330-க்குக் கீழே ஒளியை அதுவே விழுங்கிவிடும். ஒரு மாணவன் கருவிக்கு நேரம் வாங்கி, மாதிரிகளோடு பஸ் ஏறிப் போய், வெறும் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். எனக்கும் முன்கூட்டியே சொல்லத் தோன்றவில்லை, இன்னும் வருத்தம்தான். அசிட்டோநைட்ரைல் என்றால் அந்த ஒளியை விட்டுவிடும். ஆல்கஹால் சில புரதங்களில் சுருளைக் கூட்டவும் செய்யும். சுருள் கூடியிருக்கிறது, ஆகவே உருவம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். செயலையும் கூடவே கேளுங்கள்.

வேலை முடிந்ததும் மிச்ச சால்வென்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துச் சாக்கடை எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்கோ ஓட்டேரி நாலாவுக்கோ போய் முடிகிறது, அவற்றின் நிலைமை உங்களுக்கே தெரியும். எங்கள் மாடியில் இதற்கென்று மூடியுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில்கள் நிழலில் நிற்கின்றன. ஒன்றில் ஆல்கஹால் கழிவு, ஒன்றில் அசிட்டோன் கழிவு. இரண்டிலும் பெயர், தேதி எழுதி ஒட்டியிருக்கும். நிறைந்ததும் கல்லூரி ஆய்வகக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.